கீழூரில் எட்டுப் பேர்

புதுச்சேரியை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்காமலே கொடுப்பதும் கேட்காமலே பிடுங்குவதுமாகத்தான் அந்த ஊரின் சரித்திரம் இருநூற்றெண்பது ஆண்டுக் காலம் நடந்து வந்தது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் அங்கே பிரெஞ்சு வியாபாரத்துக்குக் கால் ஊன்றினார். 1693-இல் டச்சுக்காரர் பிடித்துக் கொண்டார்கள். 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்து, கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் அந்த இடிபாடுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1778-இல் பிடித்து 1785-இல் கொடுத்தார்கள். 1793-இல் பிடித்து 1816-இல் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டவர்கள் ஐரோப்பாவில் ஏதோ ஓர் அரண்மனையில் உட்கார்ந்திருந்தவர்கள். மாற்றான் தோட்டத்து மாமரம் போல ஊர் நின்றது. கிளையை உலுக்குகிற கை மட்டும் மாறிக் கொண்டிருந்தது.

துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதி வந்த நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு இது தெரியும். துணி மூட்டையின் விலை, கவர்னரின் கோபதாபம், கப்பல் வந்த நாழிகை எல்லாம் அதில் உண்டு. 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாட்கள் முன்னால் அவர் கண்ணை மூடினார். அவ்வளவு விவரம் எழுதிய மனிதர் வாழ்ந்த ஊரில், 'எந்தக் கொடியின் கீழே இருக்க உனக்கு இஷ்டம்?' என்று ஒரு நெசவாளியையோ உழவனையோ நிறுத்திக் கேட்கலாம் என்ற யோசனையே அந்தக் காலத்தில் எவருக்கும் எழுந்திருக்காது.

அந்தக் கேள்வி முறையாகக் கேட்கப்பட்ட நாள் 1954 அக்டோபர் 18. இடம், புதுவை நகரத்துக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் இருக்கிற கீழூர் என்ற சின்னக் கிராமம். கேட்கப்பட்டவர்கள் 178 பேர். இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170. கூடாது என்றவர்கள் 8.

பள்ளிக்கூடப் புத்தகம் நூற்றெழுபதோடு நின்று விடும். அது நியாயமும்கூட. ஆனால் நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பக்கம் நூற்றெழுபது பேர் நின்றால், மறுபக்கம் நிற்கிற எட்டுப் பேர் மேல்தான் அவன் கண் போகும். அவர்கள் யார், என்ன நினைத்தார்கள், சாயங்காலம் எப்படி வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று மனம் அலையும். அந்த எட்டுப் பேரை நான் தேடிக் கொண்டு போகவில்லை. அவர்கள் மனத்தில் இருந்திருக்கக் கூடிய வாதங்களை மட்டும் தேடினேன். தேடியபோது, அவை எட்டுப் பேருடைய வாதங்கள் அல்ல, ஊரில் பல ஆயிரம் பேருடைய வாதங்கள் என்று தெரிந்தது.

விவகாரம் இதுதான். இரண்டாவது மகாயுத்தம் முடிந்த பிறகு பிரான்சு தன்னுடைய சாம்ராஜ்யத்துக்குப் புதுப் பெயர் சூட்டியது. 1946-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அதற்குப் 'பிரெஞ்சு யூனியன்' என்று பெயர் வைத்தது. பிரான்சும் கடல் கடந்த நாடுகளும் சேர்ந்த ஒரு கூட்டுக் குடும்பம் என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள். கூட்டுக் குடும்பத்தில் சாவிக் கொத்து யார் இடுப்பில் இருந்தது என்று கேட்டால், பாரிஸில்தான் இருந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்துச் சந்திரநாகூர் ஆகிய ஐந்து துண்டுகளும் அந்த யூனியனின் அங்கம். அடுத்த ஆண்டிலேயே இந்தியா சுதந்திரம் அடைந்து விட்டது. நான்கு பக்கமும் சுதந்திர இந்தியா. நடுவில் பிரெஞ்சு யூனியன். இருப்பதா, விலகுவதா?

அதே 1946-ஆம் ஆண்டு சட்டத்தில் இருபத்தேழாவது பிரிவு ஒன்று இருந்தது. எந்தப் பிரதேசத்தையும் அங்கே வாழும் ஜனங்களின் சம்மதம் இல்லாமல் வேறு நாட்டுக்குக் கொடுக்க முடியாது என்பது அதன் சாரம். சாம்ராஜ்யத்தைக் காப்பாற்ற எழுதப்பட்ட வரி என்று சிலர் சொல்லலாம். எப்படியானால் என்ன? கேட்காமலே கை மாறிய ஊருக்கு, கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று சட்டம் வாய் திறந்து சொன்னது. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் அதன்படி ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டன. ஜன வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எப்போது, எப்படி என்பதை அந்தந்த ஊர் நகரசபைகள் யோசித்துச் சொல்ல வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

சந்திரநாகூர் முந்திக் கொண்டது. 1949 ஜூன் 19-ஆம் தேதி அங்கே வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுக்கு 7,473, பிரெஞ்சு யூனியனுக்கு 114. கல்கத்தாவின் வாசல்படியில் இருக்கிற ஊர், கல்கத்தாவோடு போயிற்று. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு பாரிஸுக்கும் தெற்கே வாக்குப் பெட்டி வைக்க அவசரம் இல்லாமல் போயிற்று.

புதுவையில் விஷயம் சந்திரநாகூரைப் போல எளிதாகவும் இல்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று பிரிந்த ஊர்தான் அது. ஆனால் அபிப்பிராயம் வாய்க்காலை எல்லையாக வைத்துக் கொள்ளவில்லை. மேற்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு தெருவிலும் இரண்டு கட்சி இருந்தது.

யூனியனில் இருக்கலாம் என்றவர்களை முதலில் பார்ப்போம். சைகோனிலும் ஹனோயிலும் பிரெஞ்சுப் படையில் இருந்து விட்டு ஊர் திரும்பிய சிப்பாய்களை புதுவையில் 'சொல்தா' என்பார்கள். சொல்தா வீட்டில் மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். அது பிராங்குக் கணக்கில் பாரிஸ் கொடுக்கிற பணம். கொடி இறங்கினால் பென்ஷனும் இறங்கி விடுமா என்று அவர் மனைவி கேட்டால், அதைத் தேசத் துரோகம் என்று எப்படிச் சொல்வது? பிரெஞ்சில் படித்துப் பிரெஞ்சில் பரீட்சை எழுதி உத்தியோகத்தில் அமர்ந்த குமாஸ்தா ஒருவர். இங்கிலீஷில் கோப்பு எழுதுகிற ராஜாங்கம் வந்தால் அவர் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்? 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி சாதி வழக்கத்தையும் சொந்தச் சட்டத்தையும் துறந்து, புதுக் குடும்பப் பெயர் சூட்டிக் கொண்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் புகுந்த குடும்பங்கள் உண்டு. ஊர் கீழே வைத்திருந்தவனுக்கு அந்தக் காகிதம் ஒரு நாற்காலி. அதை விட்டு எழுந்திருக்கச் சொன்னால் அவன் யோசிக்கத்தானே செய்வான்?

இன்னொரு வாதமும் இருந்தது. பாரதியாருக்கு 1908 முதல் பத்து ஆண்டு தங்க இடம் கொடுத்தது எந்தக் கொடி? 1910-இல் அரவிந்தருக்கும், பிறகு வ.வே.சு. ஐயருக்கும் நிழல் கொடுத்தது எந்தக் கொடி? 1918-இல் பாரதியார் எல்லையைத் தாண்டியவுடனே ஆங்கிலப் போலீஸார் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள் அல்லவா? பக்கத்து ராஜாங்கம் துரத்துகிறவனுக்கு இந்தச் சின்ன ஊர் ஒரு கதவு. அந்தக் கதவை அடைப்பானேன் என்று கேட்டவர்களின் வாதத்தை லேசில் தள்ள முடியாது.

இனி விலக வேண்டும் என்றவர்கள். ஆலைத் தொழிலாளிகளை விட்டு விட்டுப் புதுவைச் சரித்திரம் இல்லை. சவானா, ரோடியர், கெப்ளே ஆலைகளில் வேலை செய்தவர்கள், வ. சுப்பையா போன்றவர்களின் முயற்சியால் சங்கமாகத் திரண்டார்கள். 1936 ஜூலை 30-ஆம் தேதி வேலை நிறுத்தம் செய்தவர்கள் மீது பிரெஞ்சு ராஜாங்கத்தின் துப்பாக்கி சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. சட்டமும் பாரிஸிலிருந்து வந்தது; குண்டும் அதே ராஜாங்கத்தின் குண்டு. சமத்துவம், சகோதரத்துவம் என்று கட்டடத்தில் செதுக்கி வைத்தவர்கள் தெருவில் சுட்டார்கள் என்பதைத் தொழிலாளி மறக்கவில்லை.

வாக்குரிமை கொடுத்தோமே என்று பிரெஞ்சுக்காரர் சொல்வார்கள். 1871 முதல் பாரிஸ் பார்லிமெண்டில் பிரெஞ்சு இந்தியாவுக்கு ஒரு பிரதிநிதி உண்டு என்பது உண்மைதான். சென்னை மாகாணத்துக் குடியானவன் கனவிலும் காணாத உரிமை அது. ஆனால் புதுவைத் தேர்தல்களில் வாக்குச் சீட்டை விடத் தடிக்கம்புக்கு மதிப்பு அதிகம் என்பதும் உண்மைதான். 1951-இல் சர்வதேச நீதிமன்றத்தின் வழியாக நியமிக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்தார்கள். பயமில்லாமல் வாக்களிக்கும் நிலைமை இங்கே இல்லை என்று எழுதி விட்டுப் போனார்கள்.

இந்த வாதங்களை எல்லாம் விட, சாப்பாடும் சுங்கமும்தான் ஊரை அதிகமாக உலுக்கின. பிரெஞ்சு யூனியன் அரசியல் கூட்டு மட்டும் அல்ல, பொருளாதாரக் கூட்டும்கூட. புதுவை ஆலைகள் நெய்த நீலத் துணி ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவில் செனகால் வரைக்கும் போயிற்று. ஆனால் அன்றாடச் சோறு செனகாலிலிருந்து வருமா? அரிசியும் பஞ்சும் விழுப்புரத்து ரயிலில்தான் வந்தன. அந்த ரயில் 1879-இல் போட்டது. புழங்கிய நாணயமும் ரூபாய்தான். பிரெஞ்சு பாங்கி அச்சடித்த நோட்டிலும் 'ரூபாய்' என்றே போட்டிருந்தது. அரசியலில் பாரிஸ், அடுப்பில் தென்னாற்காடு என்று இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான பிள்ளையாக ஊர் வாழ்ந்தது.

1941-இல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்க ஒப்பந்தம் ஏற்பட்டது. சாமான்கள் தடையில்லாமல் போய் வந்தன. 1949-இல் அது முறிந்தது. அன்று முதல் எல்லையில் சுங்கச் சாவடிகள் முளைத்தன. புதுச்சேரியின் பூகோளப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் வேதனை புரியும். அது ஒரே நிலப்பரப்பு அல்ல. கிழிந்த துணித் துண்டுகளைப் போலத் தென்னாற்காட்டு நிலத்துக்குள் சிதறிக் கிடப்பது. ஒரு கிராமம் பிரான்சு, அடுத்தது இந்தியா, அதற்கடுத்தது மறுபடியும் பிரான்சு. களத்து மேட்டுக்கும் சந்தைக்கும் நடுவில் இரண்டு தேசம் குறுக்கிட்டால் குடியானவன் என்ன செய்வான்?

குடியானவன் திண்டாடினான், வேறு சிலர் செழித்தார்கள். தங்கம், கைக்கடிகாரம், சீமைச் சாராயம் எல்லாம் தீர்வை இல்லாமல் புதுவையில் இறங்கி, இரவோடு இரவாக எல்லை தாண்டின. சுங்கக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே தமிழ், ஒரே மாமன் மச்சான். அந்தக் கோடு கள்ளக் கடத்தலுக்குத் தொட்டில் ஆனதில் ஆச்சரியம் இல்லை. யூனியனில் இருந்தால்தான் லாபம் என்று அப்போது பேசியவர்களில் எல்லாரும் பென்ஷன்கார சொல்தாக்கள் அல்லர் என்பதையும் சொல்லி விட வேண்டும்.

இந்திய சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. அனுமதிச் சீட்டு, சோதனை, சரக்குக் கட்டுப்பாடு என்று கயிற்றை இறுக்கிக் கொண்டே வந்தது. கழுத்தை இறுக்கி வாங்குகிற சம்மதம் முழுச் சம்மதம் ஆகுமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

1954-இல் எல்லாம் வேகமாக நடந்தது. அதுவரையில் பிரெஞ்சு யூனியனின் தூணாக இருந்த எதுவார் குபேர், பாரிஸ் பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்த அதே குபேர், மார்ச்சு மாதத்தில் கட்சி மாறினார். வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவோடு சேர்த்து விடுங்கள் என்று நகரசபைகள் தீர்மானம் போட்டன. மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. மே 7-இல் இந்தோசீனாவில் தியன் பியன் பூ விழுந்தது. ஜூன் மாதம் ஏனாமும், ஜூலை 16-இல் மாஹேயும் கை விட்டுப் போயின. சைகோனையே கட்டிக் காக்க முடியாத பாரிஸ், புதுவைக்காகப் போராடப் போவதில்லை என்பது கடைத்தெருவுக்கும் தெரிந்து விட்டது.

ஆனாலும் அந்த இருபத்தேழாவது பிரிவு ஒன்று இருக்கிறதே! ஜனங்களைக் கேட்காமல் கொடுக்க முடியாது. எல்லாரையும் கேட்டால் தடிக்கம்பு கிளம்பும். ஆகவே ஜனங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கேட்பது என்று நடு வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். பிரதிநிதி சபை அங்கத்தினர்களும் நகரசபை அங்கத்தினர்களும் கீழூரில் கூடி வாக்களித்தார்கள். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21-இல், ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது. மூவர்ணக் கொடி ஏறியது. கேவல் சிங் பொறுப்பேற்றார்.

கீழூர் ஒரு பூரணமான ஜன வாக்கெடுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்காக 178 பேர் பேசினார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த தேர்தல்களின் லட்சணத்தையும் பார்த்தோம். சந்திரநாகூர்க்காரன் தன் கையால் போட்ட சீட்டைப் புதுவைக்காரன் போடவில்லை. போட்டிருந்தாலும் முடிவு இதுவேதான் ஆகியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கேட்டிருக்கலாம்.

கீழூரின் பெருமை வாக்கு எண்ணிக்கையில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பின்னால் வந்த எட்டு ஆண்டில் இருக்கிறது. 1956 மே 28-ஆம் தேதி புது தில்லியில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதைப் படித்தால் ஒரு விஷயம் விளங்கும். கீழூரில் தோற்ற எட்டுப் பேரின் பயங்களுக்கு அதில் ஒவ்வொன்றாகப் பதில் எழுதப்பட்டிருக்கிறது. ஜனப் பிரதிநிதிகள் வேறு விதமாகத் தீர்மானிக்கும் வரையில் பிரெஞ்சு ஆட்சிமொழியாக இருக்கும். பிரெஞ்சுப் படிப்பு நின்று விடாது. ஊருக்கு உள்ள தனி நிர்வாக அந்தஸ்தை ஜனங்களின் விருப்பத்தை அறியாமல் மாற்றக் கூடாது. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவன் எழுதிக் கொடுத்து விட்டு அப்படியே இருக்கலாம். ஜெயித்தவன் எழுதிய பத்திரத்தில் தோற்றவனுடைய கவலைக்கும் இடம் இருந்தது.

பிரெஞ்சுப் பார்லிமெண்டு இதை ஏற்கத் தாமதித்தது. அல்ஜீரியாவில் யுத்தம் நடக்கும்போது ஓர் அங்குலம் நிலத்தையும் விட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகுதான், 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி, புதுவை சட்டப்படி இந்தியாவின் பகுதி ஆயிற்று. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் யார் எந்த நாட்டுப் பிரஜை என்று தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.

நாவலாசிரியனுக்கு விஷயம் கிடைப்பது இந்த ஆறு மாதத்தில்தான். பேசாமல் இருந்தால் இந்தியன். கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சுக்காரன். ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் கையெழுத்துப் போட்டான், தம்பி போடவில்லை. சில ஆயிரம் பேர் போட்டார்கள். அந்தக் கையெழுத்தினால் பேரன் பாரிஸில் படித்து அங்கேயே தங்கினான். போடாதவன் பேரன் புதுவைச் செயலகத்தில் குமாஸ்தா ஆனான். இருவரும் ஒரே திண்ணையில் பொங்கல் சாப்பிடுகிறார்கள். இன்றும் பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தலுக்குப் புதுவையில் வாக்குச் சாவடி திறக்கிறார்கள். வாசலில் நின்று தமிழில் சண்டை போட்டு விட்டு உள்ளே போய்ப் பிரெஞ்சில் வாக்களிக்கிறார்கள்.

விலகுவது எப்படி என்பதற்கு உலகத்தில் வேறு மாதிரிகளும் உண்டு. 1958-இல் ஜெனரல் தெகோல் தம்முடைய ஆப்பிரிக்க நாடுகளை, 'புதிய சமூகத்தில் இருக்கிறீர்களா?' என்று கேட்டார். கினியா நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் 'மாட்டோம்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குக் கோபம் வந்து விட்டது. உத்தியோகஸ்தர்களைத் திருப்பி அழைத்துக் கொண்டு, உதவியை நிறுத்தி விட்டுப் போனார்கள். அந்தப் பிரிவு பிறந்த வீட்டோடு சண்டை போட்டுப் பிரிந்தது போல.

பிரிட்டன் 2016 ஜூன் 23-இல் ஐரோப்பிய யூனியனை விட்டு விலக வாக்களித்தது. விலகலாம் என்றவர்கள் நூற்றுக்கு 51.9. ஒவ்வொருவரையும் நேராகக் கேட்டார்கள். புதுவைக்குக் கிடைக்காத பாக்கியம் அது. ஆனால் விலகிய பிறகு யாருக்கு என்ன என்ற கணக்கைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் எழுதி வைக்கவில்லை. 2020 ஜனவரி 31 வரை வெளியேற முடியாமல் தவித்தார்கள். அவர்களைத் தடுமாற வைத்தவற்றுள் பெரிய முடிச்சு அயர்லாந்தின் எல்லை. ஒரே ஜனங்கள் வாழ்கிற நிலத்தின் நடுவே சுங்கச் சாவடி வைப்பதா என்ற கேள்வி. 1949-இல் வில்லியனூர்ப் பக்கத்து வண்டிக்காரனைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான்.

புதுவையின் உடன்படிக்கை வெறும் காகிதமாகப் போகவில்லை என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 1979 ஜனவரியில், யூனியன் பிரதேசத்தைப் பக்கத்து மாநிலத்தோடு சேர்த்து விடலாம் என்று பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய் பேசினார். ஊர் கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போயிற்று. யோசனை கைவிடப்பட்டது. பிரெஞ்சு யூனியனை விட்டு இந்தியாவோடு சேர்ந்ததில் புதுவைக்காரனுக்கு வருத்தம் இல்லை. ஆனால் தன்னைக் கேட்காமல் இன்னொரு தடவை கை மாற்றுவதை அவன் பொறுக்கத் தயாராக இல்லை. கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பதைக் கீழூருக்குப் பிறகு அவன் தன் உரிமையாக வைத்துக் கொண்டான்.

கீழூரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. சுதந்திரம் வேண்டும் என்று நின்ற நூற்றெழுபது பேரின் பெருமைக்கு அது தகும். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு தேசத்தின் வயிற்றுக்குள் இன்னொரு தேசத்தின் சுங்கச் சாவடி நிலைக்க முடியாது. ஆனால் அந்த 178 சீட்டுகளில் எட்டுச் சீட்டு வேறு விதமாக விழுந்தது என்பதை ஒருவரும் மறைக்காமல் எண்ணிச் சொன்னார்கள். அவர்கள் பயந்த விஷயங்களுக்கு ஒப்பந்தத்தில் வழி செய்து கொடுத்தார்கள். சொல்தா வீட்டுக்குப் பென்ஷன் தொடர்ந்து வந்தது. சேருவதோ விலகுவதோ, ஜெயித்த கட்சி செய்யக் கூடிய மரியாதை இவ்வளவுதான். அதையும் செய்யாதவர்கள் உலகத்தில் அதிகம்.